ஹெட்லிக்குக் கொடுத்த செடிகள்

"உங்ககிட்ட ஜேசிபி இருக்கு, நிலம் சும்மா கிடக்கு. ஒரு குட்டை வெட்டுங்களேன்" என்று அவ்ரில் முதன்முதலில் சொன்னபோது, ஹெட்லி வான்ஸ்டன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு? என்னைப் புதைக்கவா?" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. கோமாரி வந்து போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மாடுகள் ஒன்றுக்கும் நோய் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மேட்டுப் பண்ணையில் நோய் கண்டுவிட்டது, அதனால் ஒட்டியிருக்கிற பண்ணைகளிலும் ஒரு குளம்பு மிச்சம் வைக்கக்கூடாது என்பது உத்தரவு. கறவை, சினை, பிறந்து எழுந்து நிற்கப் பழகாத கன்று, எல்லாவற்றையும் ஆட்கள் வந்து ஒரே நாளில் கொன்றுபோட்டுவிட்டார்கள். எரித்த புகை பள்ளத்தாக்கைவிட்டு நகர மறுத்துப் பல நாள் கிடந்தது. அவர் மனைவி ஜீன் ஒரு குளிர்காலம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பார்ன்ஸ்டேபிளில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஹெட்லி புதிதாக மாடு வாங்கவில்லை. பகலிலும் ஜன்னல் திரையை விலக்குவதில்லை. அவ்ரிலின் கணவன் மெர்வின் பால் டாங்கர் ஓட்டுகிறவன். இருபது வருஷமாகத் தினமும் நுழைந்த அந்த வாசலைத் தாண்டும்போது இன்னமும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது என்பான்.

அவ்ரில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. சந்தில் ஹெட்லியின் பண்ணைக்குக் கீழே அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு குட்டை இருந்தது. செடி வளர்க்கக் கண்ணாடிக் குடில் கட்ட மெர்வின் அஸ்திவாரம் தோண்டியபோது களிமண்ணில் மழைநீர் தேங்கிவிட்டது, வடியவே மாட்டேன் என்றது. மறு மாதம் அதில் நீர்ப்பூச்சிகள் ஓடின. இனி அதை மூட விடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். குடில் கட்டப்படவே இல்லை. வருஷங்கள் போகப்போக அந்தக் குழிக்குத் தவளைகள் வந்தன, தட்டான்கள் வந்தன, வயிற்றில் செம்மஞ்சள் பூசிய நீர்ப்பல்லிகள் வந்தன. இலையுதிர்காலத்தில் அவள் பாதிக் குட்டையை மட்டும் வாரி, வாரிய செடிகளை ஓர் இரவு கரையிலேயே விட்டுவைப்பாள். உள்ளே சிக்கிய பிராணிகள் தண்ணீருக்கு ஊர்ந்து போகட்டும் என்று. சமைத்துவிட்டு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அங்கேதான் உட்கார்வாள். ஹெட்லியிடம் பேச அவளுக்கு வேறு விஷயம் ஏது? கேக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தவளைக் கதை சொல்லிவிட்டு வருவாள். அவர் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஆனால் ஒரு சனிக்கிழமை ஜேசிபி ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கன்றுகள் மேய்ந்த கீழ்வயலின் மூலையில் ஹெட்லி தோண்டிக்கொண்டிருந்தார். ஆழம் எவ்வளவு வேண்டும், கரை எப்படிச் சரிய வேண்டும் என்று அவளைக் கேட்டுக் கேட்டு வெட்டினார். குளிர்காலத்தில் அது நிரம்பியது. வசந்தத்தில் அவ்ரில் தன் குட்டையிலிருந்து வாளி வாளியாகச் செடி கொண்டுபோய்க் கொடுத்தாள். மஞ்சள் சதுப்புப்பூ, கோரை, நீருக்கடியில் வளரும் கொடிவகை. அவர் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி, கன்றுக்குப் பால் புகட்டுகிற பதத்தில் சேற்றில் அழுத்தினார்.

அதற்கப்புறம் ஹெட்லி வேறு மனிதர். திரைகள் விலகின. முதல் தவளைமுட்டை வந்த அன்று காலைச் சமையல் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கே ஃபோன் பண்ணிவிட்டார். அடுத்த வருஷம் நீர்ப்பல்லி வந்தது. மதுக்கடையில் அவர் நீர்ப்பல்லியின் கல்யாண ஆட்டத்தைப் பற்றிப் பேசப் பேச, மற்றப் பண்ணைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். "ஹெட்லி, அதுங்க எத்தனை லிட்டர் கறக்குது?" என்று ஒருவன் கேட்டதற்கு, "உன் மாட்டைவிட ஜாஸ்தி" என்றாராம். மெர்வின் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு, "அந்த மனுஷனை நீதான் எழுப்பி உட்கார வச்சிருக்கே" என்றான்.

மூன்றாவது வருஷம் மே மாதத்தில் பெட்ரா வந்தாள். ஹெட்லியின் நிலத்துக்குக் கீழே தொடங்குகிற சதுப்புவெளியில் அரிதான பட்டாம்பூச்சிகள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்கிற அமைப்பில் அவளுக்கு வேலை. ஏதோ பேச்சுவாக்கில் அவ்ரில் தன் குட்டையைப் பார்க்க வரச் சொல்லியிருந்தாள். டீக்கோப்பையோடு கரைக்கு வந்தவள் குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். கோப்பையைப் புல்லில் வைத்தாள். கையை விட்டு ஒரு கொத்துப் பச்சையைக் கிள்ளி எடுத்தாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவ்ரிலுக்கு அந்தச் செடியைப் பிடிக்கும். ஊசியிலை எதிரெதிராக அடுக்கி, மெத்தைபோல் கரையோரம் படர்ந்திருந்தது. பனிக்காலத்தில் எல்லாம் கருகிக் கிடக்கும்போது அது மட்டும் பச்சையாக இருக்கும். கடையில் வாங்கிய அல்லித்தொட்டியோடு வந்திருக்கலாம் என்றாள்.

பெட்ரா உட்கார்ந்து சொன்னாள். அது நியூசிலாந்துக் களை. இந்த நாட்டில் அதைத் தின்ன ஒன்றுமில்லை. நகத்தளவு துண்டு போதும், இன்னொரு குட்டை முழுக்கப் படர்ந்துவிடும். படர்ந்த இடத்தில் வேறு செடி இருக்காது, தண்ணீரில் காற்று இருக்காது. பிடுங்கினால் உடைந்து பரவும், மருந்து அடித்தால் மறு வருஷம் திரும்பும். வெளிச்சம் நுழையாமல் வருஷக்கணக்கில் மூடிவைக்க வேண்டும், இல்லை மண்ணைத் தள்ளிப் புதைக்க வேண்டும். தவளை, நீர்ப்பல்லி எதையும் இங்கிருந்து எடுத்து வேறு நீரில் விடக்கூடாது. சதுப்புவெளிக்குப் போய்விட்டால் அவ்வளவுதான்.

"இங்கேர்ந்து யாருக்காவது செடி குடுத்தீங்களா?"

முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் நீட்டிய ஹெட்லியின் முகம் அவ்ரிலுக்கு முன்னால் வந்தது.

"இல்லை" என்றாள்.

அந்த ஒரு சொல் எப்படி வாயிலிருந்து வந்தது என்று அன்று முழுக்க அவளுக்கே விளங்கவில்லை. பெட்ரா நிம்மதியாக மூச்சுவிட்டதையும் பார்த்தாள். முதலில் ஹெட்லியிடம் சொல்லிவிட்டு, அவரையே கூட்டிக்கொண்டு பெட்ராவிடம் போகலாம், அதுதான் முறை என்று தனக்குத்தானே காரணம் கட்டினாள். சாயங்காலமே கிளம்பிப் போனாள்.

ஹெட்லி கரையில் குப்புறப் படுத்திருந்தார். கிட்டே வரச் சொல்லிக் கையாட்டினார். கோரைத் தண்டில் ஊசித்தட்டான் ஒன்று தன் பழைய தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. இறகு இன்னும் ஈரத்துணிபோல் சுருண்டிருந்தது. அது விரியும்வரை அவர் பேசவில்லை. பறந்துபோனதும் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, "பொண்ணே, உனக்குத் தெரியுமா" என்றார். அந்தப் பக்கத்தில் கிழவியானாலும் பெண்பிள்ளை 'பொண்ணு'தான். "கோமாரிக்கப்புறம் கண்ணை மூடினா அந்தக் கன்னுங்கதான் வரும். இப்ப சில நாள் இதுங்க வருது."

அவ்ரில் அவர் முதுகுக்குப் பின்னால் கரையோரத்தைப் பார்த்தாள். பச்சை இருந்தது. கையகலம்தான். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, தட்டானைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மெர்வினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. ஹெட்லி படுத்துக்கிடந்த காலத்தில் வாரம் தவறாமல் போய் விறகு பிளந்து போட்டுவிட்டு வந்தவன்.

"வாத்துக் கால்லகூட ஒட்டிக்கிட்டு வரும்னு நீதானே சொன்னே" என்றான். "அப்படி வந்ததா இருக்கட்டுமே. நீ போய்ச் சொன்னா அவர் குழியை மூடணும். மூடினா அந்த ஆள் மறுபடி திரையை இழுத்துக்கிட்டு உள்ள போயிடுவாரு. அந்தத் தடவை ஜீன் இருந்தா. இப்ப யாரு இருக்கா?"

அவளுக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பதில்தான். அதனால்தான் அவனிடம் போய்க் கேட்டாள் போலும்.

தன் குட்டையை அவள் மூடினாள். தீவனக்குழிக்குப் போடுகிற கறுப்புப் பிளாஸ்டிக்கை மெர்வின் கொண்டுவந்து விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்தான். கோடை வெயிலில் அது சூடேறி, நாலு நாளில் நாற்றம் எடுத்தது. உள்ளே என்னென்ன செத்தன என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னலுக்கு முதல்தடவையாகத் திரை வாங்கி மாட்டினாள். ஹெட்லி வந்து, என்ன இது என்று கேட்டபோது, குட்டை ஒழுகுகிறது, காயவிட்டுப் பார்க்கப்போகிறோம் என்று மெர்வின்தான் சொன்னான். களிமண் கொண்டுவந்து தானே பூசித் தருவதாக ஹெட்லி சொன்னார். "செடிக்கு நீ கவலைப்படாதே பொண்ணே. உன்னோடது எல்லாம் என்கிட்ட நல்லாப் பெருகிக் கிடக்கு. திருப்பித் தரேன்" என்றார்.

அன்றிலிருந்து அவள் கை சும்மா இருக்கவில்லை. ஹெட்லி குட்டைக்குப் போகும்போதெல்லாம் கரையில் உட்கார்ந்து, அவர் வேறு பக்கம் திரும்பும் சமயத்தில் பச்சையைக் கிள்ளிக் கோட்டுப் பைக்குள் போடுவாள். வீட்டுக்கு வந்து அடுப்பில் எரிப்பாள். மிச்சமில்லாமல் எடுத்துவிட்டால் சொல்லவே தேவையில்லை என்பது கணக்கு. கிள்ளக் கிள்ள உடைந்தது, உடைந்தது மிதந்தது, மிதந்தது எதிர்க்கரையில் போய் வேர்விட்டது. ஆகஸ்டில் ஹெட்லி, கல்யாணமாகி வெளியூரில் இருக்கிற மகளைப் பார்க்க இரண்டு நாள் போனார். அப்போது அவ்ரில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குட்டைக்குள்ளேயே இறங்கி, விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை வாரினாள். தண்ணீர் கலங்கி டீ நிறத்துக்கு வந்துவிட்டது. தலைப்பிரட்டையிலிருந்து அப்போதுதான் கால் முளைத்த குட்டித்தவளைகள் அவள் விரலிடுக்கில் நழுவின. திரும்பிவந்த ஹெட்லி, நாரை வந்து கலக்கிவிட்டுப் போயிருக்கிறது என்று வருத்தப்பட்டார். இனி நாரை இறங்காதபடி கரையைச் சுற்றி நூல் கட்டினார். அவளும் கூடமாட நின்று நூலைப் பிடித்தாள்.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை உப்புப் போடாமல் குழம்பு இறக்கினாள். சொல்லிவிடலாம் என்று கிளம்புவாள். அங்கே போனால் அவர் ஏதாவது ஒன்றைக் காட்டுவார். முதலில், அவர் மனம் நோகுமே என்று சொல்லாமல் இருந்தாள். பிறகு, 'ஏன் முன்னாலேயே சொல்லவில்லை' என்று கேட்பாரே என்று சொல்லாமல் இருந்தாள். எப்போது ஒன்று மற்றொன்றாக மாறியது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. ஆப்பிள் பறித்துக் கொடுக்கலாம் என்று ஹெட்லி கூப்பிட்டார். பறித்து முடித்ததும், "வா, உனக்கு ஒண்ணு காட்டணும். ரொம்ப நாளா வச்சிருக்கேன்" என்றார். குட்டையைத் தாண்டி, வேலிக்கதவைத் திறந்து, சதுப்புவெளிக்குள் கூட்டிப்போனார். பழைய கல்வெட்டாங்குழி ஒன்று அங்கே உண்டு. எப்போதோ நீர் நிரம்பிக் குளமாகிப்போனது, ஹெட்லியின் குட்டையைப்போலப் பத்து மடங்கு. கரையெல்லாம் வெறும் கல்லும் சேறுமாக இருக்கும் இடம்.

கரை பச்சையாக இருந்தது.

"நீ குடுத்ததுதான்" என்றார் ஹெட்லி. பெருமையில் முகம் சிவந்திருந்தது. "ஜூன் மாசம் ரெண்டு வாளி கொண்டுவந்து போட்டேன். மொட்டையாக் கிடக்கே, இதுங்களும் பிழைச்சுப் போகட்டும்னு. உன் குட்டை ஒழுகுதுன்னதும் நினைச்சேன், பரவாயில்லை, இங்க இருக்குன்னு. எப்படிப் பிடிச்சிருக்கு பாரு."

அவ்ரில் கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஆப்பிள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அது என்ன களை, என்ன செய்யும், எங்கிருந்து வந்தது, தன் குட்டை ஒழுகவில்லை, நாரையும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஹெட்லி கேட்டுக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் குனிந்து, பச்சையில் ஒரு கொத்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மூடணுமா?"

"உங்க குட்டையை மூடலாம். சின்னதுதான். இதை..." என்று குளத்தைப் பார்த்தாள்.

"எப்பலேந்து தெரியும்?"

"மே."

அவர் தலையசைத்தார். சத்தமாகப் பேசவில்லை.

"கோமாரி வந்தப்ப மேட்டுப் பண்ணை ராய் தன் ஆடு நொண்டுறதைப் பார்த்துட்டான். சந்தை வந்துச்சு. வித்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு வாயை மூடிக்கிட்டு இருந்தான். அந்த வாரம் ரெண்டு நாள் என் வீட்டுல வந்து டீ குடிச்சான். ஊர்ல யாருக்கும் தெரியாது. ஜீனுக்குக்கூட நான் சொன்னதில்லை." கையிலிருந்ததைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுப் பித்தானைப் பூட்டினார். "நோய் வரும். அது யாரு மேல வேணா ஏறிக்கிட்டு வரும். நோய்க்காக நான் ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"ஹெட்லி..."

"நீங்க வீட்டுக்குப் போங்க, மிஸஸ் ஸ்லோமன்."

இருபது வருஷத்தில் அவர் அவளை 'நீங்க' என்றதில்லை. அவள் ஆப்பிள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் கூடை கையில் இருப்பதே தெரிந்தது.

மறுநாள் காலை பெட்ராவுக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொன்னாள். "மே மாசமே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு சின்னக் குட்டையோட போயிருக்கும்" என்றாள் பெட்ரா. திட்டவில்லை. அன்றே வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஃபோனை வைக்கும்போதே ஜேசிபி சத்தம் கேட்டது. அவ்ரில் சந்தில் ஓடி வேலிக்கதவுவரை போனாள். அதற்குமேல் போகவில்லை. ஹெட்லி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வெட்டியபோது குவித்த மண்மேடு அப்படியே பக்கத்தில் இருந்தது, புல் முளைத்து. அதைத்தான் தள்ளிக்கொண்டிருந்தார். முதல் சரிவில் தண்ணீர் எழும்பிக் கரையைத் தாண்டாமல் இருக்க, சுற்றிலும் முன்கூட்டியே வரப்புப் போட்டு வைத்திருந்தார். எல்லாம் ஒழுங்காக, அவசரமில்லாமல். கோரை மடங்கியது. கறுப்புச் சேறு பிதுங்கி வந்தது, அதன்மேல் சிவப்பு மண் விழுந்தது. நீர்ப்பல்லிகள் அந்தப் பருவத்தில் கரையேறிக் கல்லுக்கடியில் போயிருக்கும். தட்டான் குஞ்சுகள் போயிருக்காது. அவை ஆழத்துச் சேற்றில்தான் இருக்கும். அவளுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும்.

அவள் நிற்பதை அவர் பார்த்தார். போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவில்லை. முடிந்ததும் இறங்கி, சக்கரம், வாளி, பூட்ஸ் எல்லாவற்றையும் அங்கேயே நின்று தேய்த்துக் கழுவினார். கழுவிய தண்ணீரையும் புதைத்த மண்ணின்மேலேயே ஊற்றினார். கோமாரி ஆட்கள் அப்படித்தான் கழுவிக்கொண்டு போனார்களாம். மெர்வின் பிற்பாடு சொன்னான்.

அதற்குப்பின் அவ்ரில் மெர்வினோடு சரியாகப் பேச ஆரம்பிக்க வெகுநாள் ஆனது. அவன் மேல் பழிபோட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவன் ஒரு நாள், "நான் சொன்னதாலதான்னு நினைக்கிறியா?" என்று கேட்டான். இல்லை என்றாள். இந்தத் தடவை அந்தச் சொல் உண்மை.

கல்வெட்டாங்குழியை மூட முடியாது. பெட்ராவின் ஆட்கள் கரையோரமாகக் கறுப்பு விரிப்பைப் போட்டு, ஆழத்தில் இருந்ததை வலைபோட்டு வாரினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க சனி, ஞாயிறுகளில் அவ்ரில் அங்கே முழங்காலில் நின்று, விரிப்பு எட்டாத பாறையிடுக்குகளில் கையால் பொறுக்கினாள். ஊரில் விஷயம் பரவியிருந்தது. மதுக்கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் நுழைந்தால் பேச்சு வேறு தினுசாக மாறியது. பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்குப் போன வருஷம் அவள் கொடுத்திருந்த பூந்தொட்டியை யாரோ குப்பையில் போட்டிருந்தார்கள். அது வெறும் தரைச்செடி, தண்ணீரையே பார்த்ததில்லை. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சில ஞாயிறுகளில் ஹெட்லியும் வருவார். எதிர்க்கரையில் இறங்குவார். இருவருக்கும் நடுவில் குளம். மழைக்கோட்டு முதுகைத்தான் அவள் பார்ப்பாள். அவர் தெர்மோஸைத் திறந்து தனக்கு மட்டும் ஊற்றிக்கொள்வார். ஒரு தடவை அவள் தடுக்கி இடுப்பளவு நீரில் விழுந்துவிட்டாள். அவர் எழுந்து நின்றார். அவள் எழுந்ததும் மறுபடி குனிந்துகொண்டார். திரைகளை மறுபடி இழுத்துவிட்டாரா என்று போகவரும்போதெல்லாம் அந்த வீட்டைப் பார்ப்பாள். சமையலறைத் திரை மட்டும் திறந்திருந்தது. மற்றவை மூடியிருந்தன.

பச்சை குறைந்தது, ஆனால் போகவில்லை. ஜனவரியில் விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்த பெட்ரா, வெளுத்துப்போன தண்டுகளைக் காட்டி, செத்தமாதிரி தெரியும், சாகாது என்றாள். இன்னும் எத்தனை வருஷம் என்று அவ்ரில் கேட்டாள். பெட்ரா மூலையை இழுத்து மூடிக் கல்லை வைத்தாள்.

பிப்ரவரியில் பனி விலகி, இரண்டு நாள் கதகதப்பாக மழை பெய்தது. மறுநாள் விடிந்ததும் ஃபோன் அடித்தது. மெர்வின் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வந்திருக்குங்க" என்றது ஹெட்லியின் குரல். "வெறும் மண்ணுக்கு வந்திருக்குங்க."

பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். புதைத்த இடம் சிவப்பாக, மொட்டையாக இருந்தது. ஜேசிபி ஓடிய தடங்களில் மழைத்தண்ணீர் விரற்கடை ஆழத்துக்கு நின்றிருந்தது. அந்தத் தடங்களுக்குள் தவளைகள். எத்தனையோ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முனகிக்கொண்டு. சில தடங்களில் முட்டை போட்டாயிற்று. கண்ணாடிக் கூழ்போல் குவியல்கள், பாதி தண்ணீரில், பாதி காற்றில். மேகம் கலைந்து வெயில் ஏறினால் மத்தியானத்துக்குள் வற்றிவிடும்.

ஹெட்லி தொப்பியில்லாமல் நின்றிருந்தார். மூன்று வருஷமாக வந்த பழக்கம், அவற்றுக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உங்களை டீ குடிக்கக் கூப்பிடல" என்றார் அவர். "என்ன பண்றதுன்னு கேட்கக் கூப்பிட்டேன். கேட்க வேற யாரும் இல்லை."

அவள் முதலில் பெட்ராவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். எந்தக் குளத்துக்கும் கொண்டுபோகக்கூடாது, வேறு நீரோடு கலக்காத இடமாக இருந்தால் செய்துபாருங்கள் என்றாள் அவள். பண்ணை முற்றத்தில், சிமெண்ட் தரையில், மாடுகள் குடித்த இரும்புத்தொட்டி ஒன்று நாலைந்து வருஷமாகக் கவிழ்ந்து கிடந்தது. ஹெட்லி அதை நிமிர்த்தித் தேய்த்தார். கூரையிலிருந்து பீப்பாயில் விழுந்திருந்த மழைநீரை நிரப்பினார். தவளைகள் ஏறி இறங்கக் கல் அடுக்கினார். அவ்ரில் வெள்ளை வாளி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு குவியலாக இரு கையாலும் அள்ளி, மழைநீரில் அலசினாள். அலசிய நீரை மண்மேலேயே கொட்டினாள். பிறகு குவியலை வெளிச்சத்தில் பிடித்து, வழுக்கும் கூழுக்குள் விரலைவிட்டு, பச்சைத் துண்டு எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள்.

ஹெட்லி பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண் அவள் முகத்தில் இல்லை, விரல்களில் இருந்தது. குளிரில் அவை விறைத்துச் சிவந்திருந்தன. முதல் குவியலை முடித்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, தொட்டிக்குக் கொண்டுபோகத் திரும்பினாள்.

"இன்னொரு தடவை பாருங்க" என்றார்.

அவள் மறுபடி வாளிக்குள் இறக்கி, முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.